முதல் ரயிலில் வந்துவிட்டார்கள்

பதினோரு மணி ரயிலில் வர வேண்டியவர்கள் ஒன்பது மணிக்கே வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது?

கோவிந்தம்மாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சமையல் கொட்டகையில் அடுப்புக்கு முன்னால் முட்டி போட்டிருந்தாள். கன்னத்தில் சாம்பல். தலைமுடியைப் பழைய துணியால் கட்டியிருந்தாள். கையில் எவெலின் இரவல் கொடுத்த இரும்புச் சட்டியின் மூடி. உள்ளே இருந்த கேக்கைப் பார்த்து அவள் மனசு ஏற்கெனவே நொந்துபோயிருந்தது. அடி கருகிவிட்டது, நடு வேகவில்லை.

"வந்துட்டாங்கடி!" என்று அம்மா ருக்மணி ஓடி வந்தாள். "மூணு பேரு வண்டியிலேருந்து இறங்கறாங்க. நான் இன்னும் பலாக்காய்கூட நறுக்கலை!"

கோவிந்தம்மா மூடியைப் பட்டென்று வைத்தாள். அவசரத்தில் சூடான விளிம்பு மணிக்கட்டில் பட்டுவிட்டது. "ஸ்" என்று கையை உதறினாள்.

போன சனிக்கிழமை வரை நடந்ததை மறந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் தீவின் தெற்கே சுரினாம் கிராமத்தில் நாலு அர்ப்பான் நிலத்தில் கரும்பு வைத்திருக்கும் வீரசாமியின் ஒரே மகள் கோவிந்தம்மா. வயது பத்தொன்பது. இந்த 1928ஆம் வருஷத்துப் புரட்டாசி பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரே யோசனைதான். பக்கத்து வீட்டு எவெலின் எஸ்டேட் பங்களாவில் பத்து வருஷம் சமைத்தவள். அவள் கை கேக் பஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் நாலு முட்டை கேட்கும். புரட்டாசி மாசம் வீரசாமி வீட்டு வாசற்படியை முட்டை தாண்டாது. முட்டை இல்லாமல் கேக்கை எழும்ப வைக்க முடியாதா? வாழைப்பழம் பிசைந்து போட்டாள், தயிர் விட்டாள், சமையல் சோடா போட்டாள். இரண்டு சனிக்கிழமை போய்விட்டது. முதல் கேக் கல். இரண்டாவது களி.

இதற்கு நடுவில்தான் தலைநகரம் போர்ட் லூயிக்குப் பக்கத்தில், சாந்த் குருவாவிலிருந்து கடிதம் வந்தது. பையன் பெயர் ஐயாசாமி. எழுதியவர் அவனுடைய தாய்மாமன் விநாயகம். 'பையன் எழுத்து வேலையில் இருக்கிறான்' என்று எழுதியிருந்தார். வீரசாமி அந்த ஒரு வரியை மட்டும் மகளை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இன்று மூன்றாவது சனிக்கிழமை. மூன்றாவது கேக். அதற்குள் வந்துவிட்டார்கள்.

கொல்லைப்பக்கம் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு, சேலையை மாற்றிக்கொண்டு, கோவிந்தம்மா மூங்கில் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். வராந்தாவில் பெஞ்சு போட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டு போட்ட பெரியவர் விநாயகம். அவருக்குப் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருப்பது பையனின் அம்மா கண்ணம்மா. ஓரத்தில் அவன். வெள்ளைச் சட்டை, கைப்பித்தான் மணிக்கட்டு வரை இறுக்கிப் போட்டிருந்தது.

"ரயில் நேரம் மாத்திட்டாங்களா?" என்று அப்பா மரியாதையாகக் கேட்டார்.

விநாயகம் பெரிதாகச் சிரித்தார். "இல்லைங்க. வேணும்னேதான் முதல் ரயில்ல வந்தோம். சொல்லி வெச்சு வந்தா எல்லா வீட்டிலயும் ஏழு கறியும் பாயசமும்தான். அதுல என்ன தெரியும்? தினப்படி எப்படி இருக்கீங்கன்னு பாக்கணும். அதான்."

அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டதைக் கோவிந்தம்மா பார்த்தாள்.

உள்ளே அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏழு கறிக்கு எங்கடி போவேன்?"

"எதுக்கும்மா ஏழு? தினப்படி பாக்கணும்னுதானே வந்திருக்காங்க? தினப்படியே போடு."

"நாலு பேரு சிரிப்பாங்க."

"சாப்பிட்டுட்டுச் சிரிக்கட்டுமே."

அப்படித்தான் அன்றைய சமையல் நடந்தது. கொடியிலிருந்து நாலு சூசூக்காய், அதாவது சௌசௌ, பறித்தாள். தோல் சீவி, பொடியாக அரிந்து, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் பிரட்டி, மேலே தேங்காய். வேலியோரத்து முருங்கைக் கீரையை ஆய்ந்து, பூண்டு தட்டிப் போட்டு வதக்கினாள். பருப்பு ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தது. தக்காளியைத் தணலில் சுட்டு, பச்சை மிளகாயும் கொத்துமல்லியும் வைத்து அம்மியில் ஒரு ஓட்டு ஓட்டினாள். அம்மா புளியும் மிளகும் கரைத்து ரசம் வைத்தாள். பொரித்த அப்பளம். அவ்வளவுதான். பத்தரை மணிக்கு இலை போட்டாகிவிட்டது.

அம்மா பரிமாறினாள். கோவிந்தம்மா தட்டி இடுக்கிலேயே நின்றாள்.

விநாயகம் மூன்றாம் முறை ரசம் கேட்டார். கண்ணம்மா கீரையை மட்டும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள். ஐயாசாமி தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கை மட்டும் சமையல் கொட்டகைப் பக்கம் திருப்பினான்.

"ஏலக்காய் வாசனை வருதே. இனிப்பு ஏதாவது செஞ்சிருக்கீங்களா?" என்றாள் கண்ணம்மா கடைசியில்.

அம்மா திணறினாள். "அது... பொண்ணு ஏதோ கேக்குன்னு செஞ்சா. சரியா வரலை."

"வந்தவரைக்கும் கொண்டாங்க!" என்றார் விநாயகம்.

கோவிந்தம்மாவுக்கு வேறு வழியில்லை. கருகின அடியைச் சுரண்டிவிட்டு, வேகாத நடுவை ஒதுக்கிவிட்டு, ஓரமாக நாலு துண்டு வெட்டித் தட்டில் அடுக்கிக் கொடுத்தாள்.

அப்புறம் நடந்ததுதான் அவளை இடுக்கை விட்டு நகரவிடாமல் செய்தது.

விநாயகம் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணம்மா ஓரத்தைக் கடித்தாள். ஐயாசாமி மட்டும் சாப்பிடவில்லை. துண்டைத் திருப்பி அடியைப் பார்த்தான். பிறகு பக்கவாட்டைப் பார்த்தான். பெருவிரலால் மெல்ல அமுக்கி, அது திரும்பி எழும்புகிறதா என்று காத்திருந்தான். முகர்ந்தான். அதற்குப் பிறகுதான் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டான்.

எழுத்து வேலை பார்க்கிறவன் கேக்கை இப்படியா தின்பான்?

சாப்பிட்டு முடித்ததும் அப்பா விநாயகத்தைக் கரும்பு காட்டக் கூட்டிப்போனார். கை கழுவ ஐயாசாமி கொல்லைத் தொட்டிக்கு வந்தான். கொட்டகைக்குள் கோவிந்தம்மாவோடு எவெலினும் இருந்தாள். சட்டியைத் திருப்பி வாங்கும் சாக்கில் மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தாள்.

அவன் கை கழுவச் சட்டைக் கையை மேலே ஏற்றினான். கோவிந்தம்மா பார்த்துவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாகத் தழும்புகள். சில பழசு, வெளுத்துப்போனவை. ஒன்று இந்த வாரத்தது, இன்னும் சிவப்பாக இருந்தது. அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். காலையில் மூடி சுட்ட இடத்திலும் அதே மாதிரி ஒரு கோடு.

வாயை அடக்க முடியவில்லை. "எழுதறப்போ பேனா சுடுமா?" என்று கேட்டுவிட்டாள்.

அவர்கள் பேசியது கிரியோலில்தான். இந்த ஊரில் அவர்கள் வயசுக்காரர்கள் வேறெந்த மொழியில் பேசுவார்கள்?

அவன் சட்டென்று சட்டைக் கையை இறக்கினான். பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சோடாவை எப்ப போட்டீங்க?" என்றான் பதிலுக்கு.

"எதுல?"

"கேக்குல."

"காலையில அஞ்சு மணிக்கே எல்லாத்தையும் கலந்து வெச்சிட்டேன். அவசரப்படக் கூடாதுன்னு."

"அதான். தயிர் பட்ட உடனே சோடா பொங்க ஆரம்பிச்சிடும். உங்க அடுப்பு சூடாகிற வரைக்கும் அது காத்திருக்காது. பொங்கி அடங்கினப்புறம் நீங்க உள்ளே வெச்சிருக்கீங்க. அப்புறம் எப்படி எழும்பும்?"

இரண்டு சனிக்கிழமையாக அவள் மண்டையைக் குடைந்த கேள்வி. கோவிந்தம்மா வாயைப் பிளந்தபடி நின்றாள்.

"அப்ப அடி கருகறது?"

"நெருப்பு எங்கே வெச்சீங்க?"

"கீழே நிறைய. மூடி மேல கொஞ்சம்."

"மாத்தி வைங்க. மூடி மேல நிறைய, கீழே கொஞ்சம். சட்டி தரையிலயும் உக்காரக் கூடாது. மூணு கல் வெச்சு அது மேல வைங்க."

எவெலின் இடுப்பில் கை வைத்தாள். "ஏம்ப்பா, எங்கே கத்துக்கிட்டே? எங்க பங்களா தொரைகூட இப்படிச் சொல்ல மாட்டாரு."

அவன் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். கோவிந்தம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாவு இருந்தது, பழம் இருந்தது, அரைக் கிண்ணம் தயிர் இருந்தது. ஒரு கை சர்க்கரையும் உருக்கின நெய்யும் சேர்த்து அடித்தாள். எவெலின் சட்டியைத் துடைத்து வாழையிலை விரித்தாள். கடைசி நிமிஷத்தில் சோடா. பொங்குவதைக் கண்ணால் பார்த்தாள். "இப்ப, இப்ப" என்றான் அவன், தொட்டிப் பக்கத்தில் நின்றபடியே. மாவைச் சட்டியில் ஊற்றி மூடினாள். இடுக்கியால் தணலை எடுத்து மூடி மேல் வைத்தாள். ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டது.

"அப்படி இல்லை. ஓரம் சுத்தி வரணும். நடுவுல வேணாம்."

அவள் நகர்த்தினாள். ஒரு தணல் உருண்டு கீழே விழுந்தது.

அவனால் நிற்க முடியவில்லை. இரண்டே எட்டில் உள்ளே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினான். விழுந்த தணலை வெறும் விரலால் எடுத்து மூடி மேல் வைத்தான். இன்னொன்றையும் எடுத்தான். ஓரம் முழுக்கச் சுற்றி, பூ வைப்பது போல, பதறாமல் வைத்துக்கொண்டே போனான். உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் காட்டிச் சூடு பார்த்தான். "இப்ப சரி" என்றான்.

"தம்பி."

வீரசாமி கொட்டகை வாசலில் நின்றிருந்தார். பின்னால் விநாயகம். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எழுத்து வேலைக்காரங்க நெருப்பை இப்படிப் பிடிக்கிறதை நான் பார்த்ததில்லை" என்றார் வீரசாமி தமிழில், மெதுவாக.

"அது வந்து, சின்ன வயசுல விளையாட்டா..." என்று விநாயகம் ஆரம்பித்தார்.

"மாமா, போதும்" என்று ஐயாசாமி எழுந்தான். சுருட்டின சட்டைக் கையை இறக்கவில்லை. "ஐயா, நான் ரொட்டிக்கடையில வேலை செய்யறேன். முதல்ல அங்கே மேசையில உக்காந்து எழுதிக்கிட்டுதான் இருந்தேன். ரெண்டு வருஷமா அடுப்புல நிக்கிறேன். சாயங்காலம் மாவு பிசையப் போனா, காலையில ரொட்டி வண்டி கிளம்பினப்புறம்தான் வீடு."

"கடுதாசியில அப்படி இல்லையே."

"எழுதினது மாமா. தெரிஞ்சும் தடுக்காதது நான்."

வராந்தாவிலிருந்து கண்ணம்மா எழுந்து வந்திருந்தாள். ருக்மணியும் வந்தாள். மூடி மேல் தணல் மட்டும் சடசடத்தது.

வீரசாமி தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கரும்பு அறுத்து அறுத்து வெடித்த கைகள். இடது கையில் சுண்டுவிரல் மடங்காது. "இது மாதிரி கைக்கு என் பொண்ணைக் கொடுக்கக் கூடாதுன்னுதான் அந்த ஒரு வரிக்கு நான் ஆசைப்பட்டேன். வேற எதுவும் கேக்கலை, தம்பி. சாதகம்கூட அப்புறம் பாத்துக்கலாம்னேன்."

அவர் திரும்பிக் கரும்புப் பக்கம் நடந்துவிட்டார்.

விநாயகம் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார். "கிளம்பலாம் அக்கா. வேலை முடிஞ்சுது."

கண்ணம்மா நகரப் போனாள்.

"கேக்கு இன்னும் வேகலை" என்றாள் கோவிந்தம்மா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கே அவள் குரல் புதுசாக இருந்தது. "முக்கால் மணி நேரமாவது ஆகும். உங்க ரயில் மூணு மணிக்குத்தானே? இப்பவே போய் ஸ்டேஷன்ல வெயில்ல எதுக்கு உக்காரணும்?"

"அடியே!" என்றாள் அம்மா.

"ரெண்டு சனிக்கிழமை வீணாப்போச்சும்மா. இது எழும்புதா இல்லையான்னு எனக்குத் தெரியணும். சொல்லிக் கொடுத்தவருக்கும் தெரியணும்ல?"

கண்ணம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கொட்டகை வாசலில் கிடந்த மணைப்பலகையை இழுத்துப் போட்டு, புடவையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விநாயகம் என்ன செய்வார்? அவரும் எவெலின் காட்டிய பெட்டி மேல் உட்கார்ந்தார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் கோவிந்தம்மா கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. அத்தனை ரொட்டிக்கு மாவை எப்படிப் பிசைவார்கள்? அடுப்பு எவ்வளவு பெரிசு? உள்ளே சூடு சரியா என்று எப்படித் தெரியும்? ஐயாசாமி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். அடுப்பு வாயில் ஒரு பிடி மாவு தூவுவார்களாம். அது கருப்பானால் பொறுக்கணும், பொன்னிறமானால் ரொட்டியை உள்ளே தள்ளணும், வெளுப்பாகவே இருந்தால் இன்னும் விறகு. சொல்லும்போது அவன் கைகளும் சேர்ந்து பேசின. காலையில் வராந்தாவில் குனிந்து உட்கார்ந்திருந்தவன் இவன்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"அந்த மாவு எவ்வளவு நேரத்துல பொன்னிறமாகும்?"

கேட்டது அவள் இல்லை. வீரசாமி. எப்போது திரும்பி வந்தாரோ, தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நூறு எண்ணணும் ஐயா" என்றான் ஐயாசாமி எழுந்து.

"உக்காரு. எழுந்திருக்க வேண்டாம்." வீரசாமி உள்ளே வந்தார். "வெல்லம் காய்ச்சறப்போ எங்க அப்பா இப்படித்தான் எண்ணுவாரு." அவ்வளவு சொல்லிவிட்டுச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூடியைக் கோவிந்தம்மாதான் திறந்தாள். முதலில் ஆவி. அப்புறம் வாசனை. அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. சட்டியின் பாதிக்கு ஊற்றின மாவு முக்கால் உயரத்துக்கு எழும்பி, நடுவில் லேசாக வெடித்து, தேன் நிறத்தில் நின்றது.

"ஆயோ!" என்று எவெலின் கை தட்டினாள். "ஒரு முட்டைகூட இல்லாம!"

ஆறட்டும் என்று ஐயாசாமி சொன்னதை யாரும் கேட்கவில்லை. சுடச்சுட வெட்டினார்கள். அப்பா துண்டைக் கையில் வாங்கி, அவன் செய்தது போலவே திருப்பி அடியைப் பார்த்தார். கருகல் இல்லை. வாயில் போட்டு மென்றார். எல்லோரும் அவர் தாடையையே பார்த்தார்கள்.

"விநாயகம் அண்ணே" என்றார் கடைசியில். "எங்க வீட்டை இருக்கிறபடி பாக்கணும்னு முதல் ரயில்ல வந்தீங்க. அது தப்பில்லை. அப்ப உங்க பிள்ளையை நாங்க இருக்கிறபடி பாக்க வேண்டாமா?"

விநாயகம் தலை குனிந்தார்.

"தாம்பூலத் தட்டு இன்னிக்கு மாற வேண்டாம். அடுத்த வாரம் நான் சாந்த் குருவா வர்றேன். எந்த நாள், எந்த ரயில்னு சொல்ல மாட்டேன். வந்து அந்த அடுப்பைப் பாக்கறேன். அதுக்கப்புறம் பேசலாம்."

"வாங்க ஐயா" என்றான் ஐயாசாமி உடனே. ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"நானும் வர்றேன்பா" என்றாள் கோவிந்தம்மா.

"பொண்ணு எங்கயாவது மாப்பிள்ளை பாக்கப் போவாளா?" என்று அம்மா வாயில் கை வைத்தாள்.

"நான் அடுப்புப் பாக்க வர்றேன்மா."

எவெலின் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வீரசாமி சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இன்னொரு துண்டுக்காகக் கையை நீட்டினார்.

இரண்டு மணிக்கு மாட்டு வண்டி வந்தது. மீதிக் கேக்கை வாழையிலையில் சுற்றிக் கண்ணம்மா கையில் கொடுக்கக் கோவிந்தம்மாவே வாசலுக்குப் போனாள். விநாயகம் அப்பாவிடம் ஏதோ மன்னிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐயாசாமி வண்டியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவளைப் பார்த்துச் சிரித்தான், சட்டைக் கை இன்னும் சுருட்டினபடியே இருந்தது.

கண்ணம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட இவ்வளவு கேட்டியே. மேசையை விட்டு ஏன் எழுந்தான்னு மட்டும் நீ கேக்கலை."

கோவிந்தம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன் அத்தை?" என்றாள். அத்தை என்று வாயில் வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? ஒரு நாள் காலையில மேசைக்குப் போனவன், சாயங்காலம் அடுப்புக்காரனா வந்தான். ரெண்டு வருஷமா கேக்கிறேன். பெத்தவகிட்டே வாய் திறக்கலை." கண்ணம்மா குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்டயாவது சொல்றானா பாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே கேளு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

வண்டி கிளம்பிக் கரும்புக்கு நடுவே திரும்பியது. தன் அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்பது ஐயாசாமிக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. கோவிந்தம்மாவின் முகத்தை அவன் ஒரு கணம் உற்றுப் பார்த்தான். சிரிப்பு அடங்கிவிட்டது. சுருட்டியிருந்த சட்டைக் கையை மெதுவாக இறக்கி, மணிக்கட்டுப் பித்தானை இறுக்கிப் போட்டுக்கொண்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.